வடை மணக்கும் தேங்காய்ப்பால் ரொட்டி: பினாங்கு வெயிலில் வீட்டிலேயே சுடும் முறை

இந்த ரொட்டியில் பாதி மசால் வடை, பாதி சீனர் கோப்பிக்கடை ரொட்டி. சோம்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் நம் வாணலியிலிருந்து வருகிறவை. மாவில் கொஞ்சத்தைக் கூழாகக் காய்ச்சிச் சேர்த்து ரொட்டியைப் பஞ்சாக்கும் முறை சீன பேக்கரிகளில் பார்ப்பது. அதைத் தாங்சோங் என்பார்கள். நான் கூழ் என்றே எழுதுகிறேன். பார்க்கவும் அப்படித்தான் இருக்கும்.

வீட்டில் ஐந்தாறு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கைப்பக்குவம் இல்லாததால் யாருக்கும் ரொட்டி கெட்டதில்லை. ஈர மசாலாவாலும் சூடேறிய மாவாலும்தான் கெட்டது. கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் தடுப்பதற்காகவே.

1. முதலில் வரிசை

மசாலாவை முதலில் செய்ய வேண்டும், கடைசியில் சேர்க்க வேண்டும். முதல் நாள் இரவே மசாலாவையும் கூழையும் முடித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மாவைப் பிசைந்துவிட்டு மசாலாவை வதக்கப் போனால், அது ஆறுவதற்குள் மாவு பொங்கிவிடும். ஈஸ்ட் நமக்காகக் காத்திருக்காது.

காலை எட்டு மணிக்குப் பிசைய ஆரம்பித்தால் பதினொன்றரை வாக்கில் ரொட்டி ஓவனிலிருந்து வெளியே வரும், ஒரு மணிக்கு வெட்டலாம். காலையில் செய்யச் சொல்வதற்குக் காரணம் வெயில். எட்டு மணிக்கு 27 டிகிரியில் இருக்கும் என் சமையலறை மதியம் 32-ஐத் தொட்டுவிடும். அந்த ஐந்து டிகிரிக்கு மாவு வேறு மாவாகிவிடும்.

2. வாங்கி வைக்க வேண்டியவை

450 கிராம் ரொட்டி டின் ஒன்றுக்கான அளவு இது.

கூழுக்கு: ரொட்டி மாவு 15 கிராம், தண்ணீர் 75 கிராம்.

மாவுக்கு: ரொட்டி மாவு 235 கிராம், குளிர்ந்த தேங்காய்ப்பால் 70 கிராம், குளிர்ந்த முட்டை 1, சீனி 25 கிராம், உப்பு 4 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், நெய் 15 கிராம்.

மசாலாவுக்கு: உரித்த சின்ன வெங்காயம் 120 கிராம், பச்சை மிளகாய் 2, இஞ்சி ஒரு சிறு துண்டு, கறிவேப்பிலை 2 கொத்து, சோம்பு 1 தேக்கரண்டி, சீரகமும் மிளகும் அரை அரை தேக்கரண்டி, மஞ்சள் தூள் கால் தேக்கரண்டி, எண்ணெய் 1 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

மாவு வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். நமக்கு வேண்டியது மலாயில் தெப்போங் ரொட்டி என்று போட்டிருக்கும் ரொட்டி மாவு. வெறும் தெப்போங் காண்டும் என்று போட்டிருந்தால் அது பலகாரத்துக்கு எடுக்கும் சாதாரண கோதுமை மாவு. தெப்போங் நாயிக் செண்டிரி என்றால் சோடா கலந்தது, அதைத் தொடவே வேண்டாம். சந்தேகமாக இருந்தால் சத்து அட்டவணையில் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். 12 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். எண்ணெயும் வெங்காயமும் சேர்ந்த மாவைத் தூக்கி நிறுத்துவது அந்தப் புரதம்தான்.

தேங்காய்ப்பாலுக்குப் பெட்டிப் பாலே போதும். சந்தையில் பிழியும் சந்தான் மணத்தில் உசத்தி, ஆனால் இந்தச் சூட்டில் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் வாங்கிய பாலை மதியம் இரண்டு மணிக்கு ஓர் அக்கா கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது, கொட்டிவிட்டோம். 200 மில்லி பெட்டியில் மிஞ்சுவதை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் அடுத்த ரொட்டிக்கு ஆகும்.

சோம்பும் கறிவேப்பிலையும் லெபோ பாசாரிலோ சௌராஸ்தா சந்தையிலோ வாங்கலாம். உங்கள் வீட்டுப் பக்கத்துக் கடையிலும் கிடைக்கும், அதற்காக ஜோர்ஜ் டவுன் வரை போக வேண்டியதில்லை.

தராசு கட்டாயம் வேண்டும். ஒரே கப்பால் இரண்டு பேர் மாவு அள்ளினால் 30 கிராம் வரை வித்தியாசம் வருவதை என் சமையலறையிலேயே பார்த்திருக்கிறேன். 250 கிராம் மாவில் 30 கிராம் என்பது ரொட்டிக்கும் செங்கல்லுக்கும் உள்ள தூரம். கம்பி வெப்பமானியும் இருந்தால் நல்லது. மாவின் சூடு, ரொட்டியின் வேக்காடு இரண்டையும் அதிலேயே பார்த்துவிடலாம்.

பிரித்து வைத்த பழைய ஈஸ்ட் என்றால் சோதித்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சீனியும் ஒரு சிட்டிகை ஈஸ்டும் போட்டால் பத்து நிமிடத்தில் நுரைக்க வேண்டும். நுரைக்காவிட்டால் குப்பையில் போடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில், பிரித்த பாக்கெட் அலமாரியில் இருந்தால் சீக்கிரம் செத்துப்போகும். பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டிக்கு அனுப்பிவிடுங்கள்.

3. மசாலா: முதல் நாள் இரவு

சோம்பு, சீரகம், மிளகு மூன்றையும் உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். முழு மிளகைப் போட்டால் ரொட்டியில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும். கடுகும் உளுந்தும் தாளிக்க வேண்டாம். பழக்கதோஷத்தில் நிறையப் பேர் தாளித்துவிடுகிறார்கள். தோசைக்கு நன்றாக இருக்கும் அந்த உளுந்து, ரொட்டிக்குள் அரை மணி நேரம் வெந்தபின் பல்லைப் பதம் பார்க்கும்.

வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, எண்ணெய் காய்ந்ததும் இடித்த மசாலாவோடு போட்டு நடுத்தரத் தீயில் 10 முதல் 12 நிமிடம் வதக்குங்கள். முதலில் சொதசொதவென்று தண்ணீர் விடும், பிறகு சுருளும், அப்புறம் ஓரம் பழுப்பாகி வாணலியில் ஒட்டாமல் உருளும். அந்த நிலைக்கு வந்ததும் பொடியாக நறுக்கிய மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு சேர்த்து இன்னும் இரண்டு நிமிடம் வதக்கி இறக்குங்கள்.

இஞ்சியைப் பச்சையாகச் சேர்க்கவே கூடாது. இறைச்சியை மெத்தென்று ஆக்கும் அதன் நொதி, மாவின் புரத இழையையும் அறுத்துவிடும். சூடு பட்டால் அந்த வேலை நின்றுவிடும். பூண்டு போட ஆசைப்பட்டால் அதையும் வதக்கியே போடுங்கள், பச்சைப் பூண்டும் மாவைத் தளர்த்தும். பட்டை வேண்டாம், அளவு கூடினால் ஈஸ்டை மந்தமாக்கும், வடை மணத்துக்கும் அது ஒத்துவராது.

இனி இந்தப் பகுதியின் முக்கியமான வேலை. வதக்கிய மசாலாவைத் தராசில் வையுங்கள். 80 முதல் 90 கிராம் இருக்க வேண்டும். 100-ஐத் தாண்டினால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது, திரும்ப அடுப்பில் ஏற்றுங்கள். வதங்கிவிட்டதாகக் கண்ணுக்குத் தோன்றும் வெங்காயத்தைத் தராசு காட்டிக்கொடுத்துவிடும். என் முதல் ரொட்டியில் வடைக்குப் போடுவது போலவே பச்சை வெங்காயத்தைப் போட்டேன். வெட்டிப் பார்த்தால் ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் வேகாத மாவு, களி மாதிரி.

ஆறவிடும்போது தட்டில் பரப்பித் திறந்தே வையுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி தண்ணீராகி அதிலேயே சொட்டும், பன்னிரண்டு நிமிடம் வதக்கியது வீண். நன்றாக ஆறியபின் டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைக்கலாம்.

4. கூழ்

15 கிராம் மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். சூடான தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி விழும். சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில், கரண்டி போன தடம் ஒரு கணம் நின்று மூடும். வெப்பமானியில் 65 டிகிரி. உடனே இறக்குங்கள்.

அந்தச் சூட்டில் மாவுச்சத்து வீங்கித் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. பிசைவதற்கு மாவு கையில் வழியாது, ரொட்டிக்குள் ஈரமும் தங்கும். மறுநாள் காலையிலும் ரொட்டி மெத்தென்று இருப்பது இதனால்தான்.

கெட்டிக் களியாகும்வரை காய்ச்சுவதுதான் இங்கே நடக்கும் தவறு. 80 கிராமுக்குக் குறைந்திருந்தால் குறைந்த அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கிவிடுங்கள். மேலே ஆடை படியாமல் இருக்க, பிளாஸ்டிக் தாளைக் கூழின்மேல் ஒட்டினாற்போல் மூடிக் குளிரவையுங்கள்.

5. பிசைதல்: எல்லாம் குளிர்ந்திருக்க வேண்டும்

வெளியூர்க்காரர்கள் எழுதும் ரொட்டிக் குறிப்புகளில் பாலை வெதுவெதுப்பாக்கச் சொல்வார்கள். அது குளிர் நாட்டுக்குச் சரி. பினாங்கில் அப்படிச் செய்தால் பிசைந்து முடிக்கும்போதே மாவு 32 டிகிரியில் நிற்கும். பிசையும் உரசலிலேயே சூடு ஏறும், மெஷினில் இன்னும் அதிகம். நமக்கு வேண்டியது 26 முதல் 28 டிகிரி. அதனால் கூழ், பால், முட்டை மூன்றும் நேராகக் குளிர்பெட்டியிலிருந்து வரட்டும். மதியம்தான் நேரம் கிடைக்கும் என்றால் மாவையும் அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்து எடுங்கள்.

பாத்திரத்தில் முதலில் கூழ், முட்டை, சீனி, ஒரு மேசைக்கரண்டி மட்டும் எடுத்துவைத்துவிட்டு மீதித் தேங்காய்ப்பால். அதன்மேல் மாவு. ஒரு பக்கம் ஈஸ்ட், எதிர்ப் பக்கம் உப்பு. மூன்று நிமிடம் கலந்து, உலர்ந்த மாவு தெரியாத நிலையில் நிறுத்தி, மூடி 15 நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் மாவு தானாகவே தண்ணீரைக் குடித்து இழை விட ஆரம்பிக்கும், பிசையும் வேலை பாதியாகும். அப்புறமும் விறைப்பாக இருந்தால் எடுத்துவைத்த பாலை ஊற்றுங்கள். இல்லாவிட்டால் அதை மேலே தடவ வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நிமிடம் பிசைந்தபின் நெய்யை மூன்று தவணையாகச் சேர்க்க வேண்டும். முதலிலேயே நெய் போட்டால் அது மாவைப் பூசிக்கொண்டு இழை உருவாக விடாது. நெய் விழுந்ததும் மாவு பிய்ந்து, வழுக்கி, எல்லாம் கெட்டுப்போன மாதிரி தெரியும். பயப்படாதீர்கள். இரண்டு நிமிடத்தில் மறுபடி சேர்ந்துகொள்ளும்.

மெஷினில் மொத்தம் 12, 13 நிமிடம். கையால் என்றால் 20, 25 நிமிடம். கையால் பிசைகிறவர்கள் எல்லோரும் ஓர் இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்: ஒட்டுகிறதே என்று மாவைத் தூவுவது. ஒவ்வொரு பிடியும் பத்துப் பதினைந்து கிராம். நான்கு பிடி தூவியபின் அது சப்பாத்தி மாவு. உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டு தொடருங்கள். பக்கத்து வீட்டு ஹொக்கியன் ஆன்ட்டி என் மாவைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத் தன் காது மடலைத் தொட்டுக் காட்டுவார். அந்த மென்மைதான் கணக்கு.

முடிந்ததா என்று பார்க்க, எலுமிச்சை அளவு எடுத்து நான்கு விரலால் மெல்ல விரியுங்கள். கிழியாமல், அந்தப் பக்கம் விரல் நிழலாகத் தெரியும் சவ்வு வர வேண்டும். சட்டென்று கிழிந்தால் இன்னும் மூன்று நிமிடம். மாவு 29-ஐத் தாண்டியிருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத் தொடருங்கள்.

6. மசாலா சேரும் நேரம்

சவ்வு வந்தபிறகுதான் மசாலா. முன்னாலேயே போட்டால் வெங்காயத் துண்டுகள் இழையை அறுத்துக்கொண்டே இருக்கும், சவ்வு எப்போதும் வராது.

மாவை மேசையில் பெரிய சதுரமாகக் கையால் விரித்து, பாதி மசாலாவைப் பரப்பி, கடிதம் மடிப்பது போல மூன்றாக மடியுங்கள். மறுபடி விரித்து, மீதியைப் பரப்பி, மடித்து, நாலைந்து தடவை அமுக்கினால் போதும். அங்கங்கே திட்டுத் திட்டாக இருப்பதுதான் சரி. எங்கும் ஒரே மாதிரி கலக்கும்வரை பிசைந்தால் வெங்காயம் நசுங்கி, மாவு மஞ்சள் பசையாகிவிடும்.

பட்டர்வொர்த்திலிருந்து வந்த தம்பி ஒருவர் அடுப்பிலிருந்து இறக்கிய மசாலாவை அப்படியே மாவில் கொட்டினார். நான் மாவு எடுக்கத் திரும்பிய நேரம். நெய் உருகி, மாவு கைவிரல் இடுக்கில் வழிந்தது. குளிர்பெட்டியில் வைத்தும் தேறவில்லை. அதைக் கரண்டியால் எடுத்துத் தோசைக்கல்லில் சுட்டுத் தின்றோம். ருசிக்குக் குறையில்லை. ரொட்டிதான் இல்லை.

7. முதல் பொங்கல்

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் வைத்து மூடுங்கள். 28 முதல் 30 டிகிரியில் 50, 60 நிமிடத்தில் இரட்டிப்பாகும். கடிகாரத்தை நம்பாமல் விரலை நம்புங்கள். மாவு தொட்ட விரலை நடுவில் குத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்க வேண்டும். உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் வேண்டும். சுற்றிலும் மாவு அமுங்கிப் புளித்த வாடை வந்தால் தாண்டிவிட்டது.

சீக்கிரம் ஆகட்டும் என்று வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் அரிசி வேகும் குக்கர்மேலும் வைத்தவர்கள் உண்டு. காருக்குள் 50 டிகிரி சாதாரணம். 55-ஐ நெருங்கினால் ஈஸ்ட் சாக ஆரம்பிக்கும். மேசை மூலையே போதும்.

8. உருட்டி டின்னில் வைத்தல்

மாவை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, தராசில் மூன்று சம பங்காக்குங்கள். ஒவ்வொன்றும் 185, 190 கிராம் வரும். உருண்டை பிடித்து, மூடி 15 நிமிடம் விடுங்கள். விடாமல் உருட்டினால் ரப்பர் மாதிரி திரும்பச் சுருங்கும்.

பிறகு கட்டையால் நீள வாட்டில் தேய்த்து, பாய் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டுங்கள். திருப்பிவைத்து, இன்னொரு முறை தேய்த்துச் சுருட்டுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெங்காயத்தை உள்ளே தள்ளுங்கள், ஓவனில் முதலில் கருகுவது அதுதான். மூன்று சுருளையும் மடிப்புக் கீழே இருக்கும்படி, நெய் தடவிய டின்னில் வரிசையாக வையுங்கள்.

இரண்டாம் பொங்கல் 45 முதல் 60 நிமிடம். மாவின் உச்சி டின் விளிம்புக்கு ஒரு விரல் கீழே இருக்கும்போதே ஓவனுக்குப் போக வேண்டும். மீதி உயரத்தை ஓவனே கொடுக்கும். விளிம்பைத் தாண்டும்வரை ஆசையாகக் காத்திருந்தால் உள்ளே போனதும் உட்கார்ந்துவிடும்.

9. ஓவன்

மாவு விளிம்புக்கு இரண்டு விரல் கீழே இருக்கும்போதே ஓவனை 180 டிகிரியில் பற்றவையுங்கள். 15, 20 நிமிடம் காய வேண்டும். காற்றாடி ஓடும் ஓவன் என்றால் 170. நம் வீடுகளில் இருக்கும் மேசை ஓவன்கள் காட்டுவது ஒன்று, உள்ளே இருப்பது வேறு. 20 டிகிரி தப்புவது சாதாரணம். ஓவனுக்குள் தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி தீரும்.

எடுத்துவைத்த பாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து மேலே மெல்லத் தடவி, டின்னை அடித்தட்டில் வையுங்கள். நடுத்தட்டில் வைத்தால் பொங்கி எழும் ரொட்டி மேல்கம்பிக்கு மிக அருகே போய்விடும். மொத்தம் 30 முதல் 33 நிமிடம். தேங்காய்ப்பாலும் சீனியும் இருப்பதால் 18, 20 நிமிடத்திலேயே மேலே சிவந்துவிடும். அப்போது அலுமினியத் தாளை லேசாகப் போர்த்துங்கள். சிவந்துவிட்டது என்று எடுத்துவிட்டால் நடுவில் வேகாமல் இருக்கும். நடுப்பகுதியில் வெப்பமானியைக் குத்தினால் 92, 93 டிகிரி காட்ட வேண்டும். முதல் 15 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள்.

10. ஆறவைத்தல்

வெளியே எடுத்ததும் டின்னை மேசையில் ஒரு தட்டுத் தட்டி, ரொட்டியை உடனே கம்பித்தட்டுக்கு மாற்றுங்கள். டின்னிலேயே விட்டால் ஆவி போக வழியில்லாமல் பக்கங்கள் ஈரமாகி உள்ளே குழிந்துவிடும். சூட்டோடு மேலே கொஞ்சம் நெய் தடவலாம்.

ஒரு மணி நேரமாவது வெட்டாமல் இருங்கள். வீடு முழுக்க வடைக்கடை வாசம் அடிக்கும்போது இது கஷ்டம், தெரியும். சூட்டில் வெட்டினால் கத்தியில் பசையாக ஒட்டும்; வெந்த ரொட்டியையும் வேகவில்லை என்று நினைத்துவிடுவீர்கள்.

11. கெட்டுப்போனால் எங்கே தேடுவது

வெங்காயத்தைச் சுற்றி மட்டும் களியாக இருந்தால் மசாலாவின் ஈரம். மூன்றாம் படிக்குப் போய்த் தராசைப் பயன்படுத்துங்கள். ரொட்டி முழுக்கவே அடர்த்தியாக இருந்தால் பிசைந்தது போதவில்லை, அல்லது மாவு தூவியிருக்கிறீர்கள். மேலே அழகாக உயர்ந்து, ஆறும்போது நடுவில் சரிந்தால் இரண்டாம் பொங்கல் கூடிவிட்டது. பெரிய பெரிய ஓட்டைகளும் புளிப்பு வாடையும் என்றால் மாவு சூடேறியிருக்கிறது. சுருள் சுருளாகப் பிரிந்து வந்தால் மசாலாவை ஒரே இடத்தில் குவித்திருக்கிறீர்கள், அல்லது அதில் எண்ணெய் அதிகம். வதக்கியபின் எண்ணெய் மிதந்தால் சாய்த்து வடித்துவிடுங்கள்.

ஒரே தடவையில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். எது உதவியது என்று தெரியாமல் போகும்.

12. மறுநாளுக்கு

முழுக்க ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில். மூடி சரியாக இல்லாவிட்டால் பூஞ்சைக்கு முன்னால் எறும்பு வந்துவிடும். வெங்காயமும் தேங்காய்ப்பாலும் உள்ள ரொட்டி நம் புழுக்கத்தில் இரண்டாம் நாளைத் தாண்டி வெளியே இருக்கக் கூடாது. குளிர்பெட்டியில் வைத்தால் வறண்டுபோகும். மிஞ்சும் என்று தெரிந்தால் அன்றே துண்டு போட்டு உறைபெட்டியில் வையுங்கள். வேண்டும்போது, உறைந்தபடியே தோசைக்கல்லில் சிறு தீயில் இரண்டு பக்கமும் வாட்டினால் போதும். முதல் நாள் ரொட்டியைச் சும்மா தின்னலாம். மறுநாள் வாட்டியதை நேற்றைய கோழிக்கறியில் தோய்த்துத் தின்னும்போது சோம்பு இன்னும் தூக்கலாகத் தெரியும், அதற்காகவே நான் பாதியை எடுத்துவைத்துவிடுவேன்.